மடக்கினால் கையடக்கம், விரித்தால் ரகளை

பயணத்துக்கென்று, காரில் குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட்டில் மடக்கு ரகம் வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே எங்கள் வீடு கட்சி கட்சியாகப் பிரிந்துவிட்டது. சூட்கேஸில் அடங்குமா என்பது மட்டுமே என் வீட்டுக்காரரின் கொள்கை. ஜன்னல் வழியாக வெளியே தெரிய வேண்டும் என்பது ஐந்து வயது மகனின் ஒற்றைக் கோரிக்கை. எட்டரை வயது மகளோ "எனக்கு எந்தச் சீட்டும் வேண்டாம், நான் பெரியவள்" என்று தேர்தலையே புறக்கணித்துவிட்டாள்.

மாமியார் வழி தனி வழி. "என் மடி இருக்கும்போது எதுக்கு தண்டச் செலவு? மடக்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம்."

கையடக்கம் என்று பார்த்தால் மடியை அடிக்க ஆளில்லைதான். பெட்டியில் இடம் கேட்காது, விமான நிலையத்தில் தொலையாது. ஆனால் வண்டி எங்காவது மோதினால், குழந்தையின் எடை அந்த நொடியில் பல மடங்கு ஆகிவிடும். எவ்வளவு பாசமுள்ள கையும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. இதை அத்தையிடம் பக்குவமாகச் சொன்னேன். "நான் பிடிச்சா பிடிச்சதுதான்" என்றார். சரி, இப்போதைக்கு விட்டுவிடுவோம் என்று நகர்ந்தேன்.

மாமனார் அதற்குள் ஒரு தலையணையோடு வந்து நின்றார். உயரம்தானே பிரச்சினை, இதைப் போட்டு உட்கார வை என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தலையணை அமுங்கும், வழுக்கும். பிரேக் போட்டால் அதுவும் குழந்தையும் சேர்ந்து பெல்ட்டுக்கு அடியில் நழுவும். அப்போது இடுப்பில் கிடந்த பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். பூஸ்டர் இருப்பதே அதைத் தடுக்கத்தான்.

கார்களில் இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் வால்வோவுக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற பொறியாளர். பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்த பட்டை அது. குழந்தைக்குப் போட்டால் மேல் பட்டை கழுத்தை அறுக்கும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறும். குழந்தைகளின் இடுப்பெலும்பு பட்டையைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இன்னும் வளர்ந்திருக்காது. அதனால் குழந்தையைக் கொஞ்சம் உயர்த்தி, கீழ்ப்பட்டை தொடை மேலும் மேல் பட்டை தோளின் நடுவிலும் விழும்படி செய்கிறோம். மற்றபடி கப் ஹோல்டர், டைனோசர் படம் எல்லாம் விற்பனைக்காரர்களின் அலங்காரம்.

அடுத்து உயரம் அளக்கும் படலம். பூஸ்டர் எதுவரை என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. ஐரோப்பாவின் பல நாடுகளில் 150 செ.மீ. அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு 4 அடி 9 அங்குலம், அதாவது சுமார் 145 செ.மீ. இதையெல்லாம் என் வீட்டுக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் சுவரோரம் குதிகாலைத் தூக்கியபடி நிற்கிறாள். குதிகாலை அழுத்தினால் கழுத்தை நீட்டுகிறாள். கழுத்தைப் பிடித்தால் உச்சிக்கொண்டையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறாள். எல்லாம் கழிந்து வந்தது 130. வரப்போவது தன் அத்தை மகன் முன்னால் 'பாப்பா சீட்டில்' உட்கார வேண்டிய நிலைமை. துக்கம் இருக்கத்தானே செய்யும்?

கடையில் முதலில் வெளியே வந்தது காற்றடிக்கும் ரகம். மடித்தால் ஒரு துண்டு அளவு, எடை தெரியவே இல்லை. என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் வராத குறை. வாயை வைத்து ஊத ஆரம்பித்தார். முகம் சிவந்தது, கன்னம் பந்தானது, சீட் மட்டும் தொளதொளவென்றே கிடந்தது. மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா மேலேயே உட்காரலாம்மா, அவர்தான் இப்ப உப்பியிருக்கார்" என்றான். நல்ல ரகம்தான், குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முறையும் ஏறும் முன்னால் காற்று இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவே. கூர் சீவிய பென்சிலோடு பின் சீட்டில் உட்காரும் மகன் உள்ள வீட்டுக்கு அது சரிவருமா என்பது வேறு விஷயம்.

அடுத்தது ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போல மடங்கும் ரகம். இதன் வேலைமுறை வித்தியாசமானது. குழந்தையை உயர்த்துவதற்குப் பதிலாக, கொக்கிகளால் பெல்ட்டைக் குழந்தையின் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். இதை யோசித்தவரைப் பாராட்டலாம். ஆனால் மகன் அதைக் காரில் வைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் தேடினான். கண்ணுக்கு எதிரே கதவின் பிளாஸ்டிக் மட்டும்தான். "இது சீட்டே இல்ல" என்று எழுந்துவிட்டான். கொக்கிகளை ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்றபடி சரிசெய்ய வேண்டும் என்று விற்பனையாளர் சொன்னதும் நானும் எழுந்துவிட்டேன். நள்ளிரவு டாக்ஸியில், இருட்டில், தூங்கி விழும் பிள்ளையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு கொக்கி தேடுவதை மனக்கண்ணில் பார்த்துவிட்டேன்.

தூக்கம் என்றதும்தான் முக்கியமான விஷயம். முதுகுச்சாய்மானம் இல்லாத பூஸ்டரில் சின்னப் பிள்ளை தூங்கினால் பக்கவாட்டில் சரிந்துவிடும். சரிந்தால் பெல்ட் தோளைவிட்டு எங்கோ போய்விடும். ஆர்129 என்ற ஐ.நா. விதியில் முதுகில்லாத பூஸ்டருக்கு 125 செ.மீ. உயரமாவது வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே மகனுக்கு முதுகும் தலைத்தாங்கியும் உள்ள, மடக்கினால் பெட்டிபோல் ஆகும் ரகம். மகளுக்கு முதுகில்லாத மெல்லிய ரகம். ஒரே சீட்டில் இரண்டு பேரையும் சமாளிக்கலாம் என்ற என் வீட்டுக்காரரின் கனவு அங்கேயே கலைந்தது. அவர் தன் சட்டைகளைக் குறைத்துக்கொண்டு இடம் கொடுத்தார். தியாகம் என்று அவரே பலமுறை சொன்னார்.

கொழுந்தனார் வேறு போன் செய்து, பரணில் பழையது ஒன்று கிடக்கிறது, காசை ஏன் கரியாக்குகிறீர்கள் என்றார். அடியில் பொறித்திருந்த காலாவதித் தேதி எப்போதோ கடந்திருந்தது. விபத்தில் அடிபட்டதா என்று கேட்டால், "லேசா ஒண்ணு" என்று இழுத்தார். பரணிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் லேபிளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்து போட்ட ஆரஞ்சு லேபிள் கேட்பார்கள், அமெரிக்காவில் அவர்களுடைய 213-ஆம் எண் தரத்துக்கு உட்பட்டது என்ற வாசகம் இருக்க வேண்டும். ஓர் ஊரில் சட்டப்படி சரியான சீட், இன்னோர் ஊரில் வெறும் ஸ்டூல்.

பயண நாள் வந்தது. டாக்ஸி வாசலில் நிற்கிறது, மகளின் சீட்டைக் காணோம். கையடக்கத்தில் இப்படி ஒரு அபாயம் இருப்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. பெரிய சீட் கண்ணுக்குத் தெரியும், சின்னது துணிக்குள் ஒளியும். நடைபாதையில் பெட்டியைத் திறந்து, தெருவுக்கே எங்கள் துவைத்ததும் துவைக்காததுமான வரலாற்றைக் காட்டிய பிறகு, அடியில் கிடைத்தது. சூட்கேஸில் அடங்க வேண்டும் என்ற கொள்கைக்காரர் அதை மிகச் சிறப்பாக அடக்கியிருந்தார். மகள் மட்டும் கொஞ்சமும் அவசரப்படவில்லை.

விமானத்தில் பூஸ்டருக்கு வேலையே கிடையாது. அங்கே இருப்பது இடுப்புப் பட்டை மட்டும்; தோளுக்கும் சேர்த்துப் பட்டை இருந்தால்தான் பூஸ்டர் பயன்படும். மகனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. ஜன்னல் இருக்கும் இடத்தில் சீட் கிடையாதா என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் முறையிட்டான். அவர் பாவம், தூங்குவது போல் நடித்தார்.

இறங்கியதும் வாடகைக் கார். அகலமான பூஸ்டர்களை வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பின் சீட்டில் பெல்ட் செருகும் கொண்டி குஷனுக்குள் புதைந்து கிடக்கும், அதன்மேல் பூஸ்டர் ஏறிக்கொள்ளும். எங்களுக்கு மயிரிழையில் தப்பியது. மகன் தன் சிம்மாசனத்தில் ஏறியதும் பரிசோதகராக மாறிவிட்டான். முதுகு ஒட்டியிருக்கா? முட்டி சீட் முனையில மடங்குதா? தோள் பட்டை நடுவுல இருக்கா? கீழ்ப்பட்டை தொடை மேலயா? வழி முழுக்க இப்படியே உட்காரணும், சரியா? வீட்டில் நான் மகளுக்காக ஓதியது அப்படியே திரும்பி வருகிறது. ஆளுக்கு ஆள் விசாரணை. அப்பா பாஸ், தாத்தா பாஸ். பாட்டியிடம் வந்ததும் நிறுத்தினான்.

"பாட்டி ஃபெயில்! பெல்ட் கழுத்துல இருக்கு!"

உண்மைதான். அத்தையின் உயரம் மகளைவிட நான்கு விரல்தான் கூடுதல். "டாக்டர்கூட என்னை இவ்வளவு சோதிச்சதில்லடா" என்றார் அத்தை. முன் சீட்டின் பக்கத்துத் தூணில் பெல்ட்டை ஏற்றி இறக்கும் பிடி இருக்கும். அவரை அங்கே மாற்றி, அதைக் கீழே இறக்கினால் சரியாகிவிடும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "பாட்டி, பரவால்ல, என் சீட்டை நீங்களே எடுத்துக்குங்க." அப்படி ஒரு தாராளம் அவளிடம் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அத்தை அதை வாங்கி, உண்மையாகவே யோசனை செய்தார். அழுத்திப் பார்த்தார். "மெத்துமெத்துன்னுதான் இருக்கு" என்று சான்றும் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கி லேபிளை வாசித்தார்: 36 கிலோ வரைதான்.

"36 கிலோவா? அதை நான் பள்ளிக்கூடத்திலேயே தாண்டிட்டேன்" என்று சொல்லிப் பேத்தியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார் அத்தை.