அன்குவாலிஃபைடு என்றால் மட்டமா?

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர், தன் கம்பெனியின் ஆடிட் ரிப்போர்ட்டில் 'குவாலிஃபைடு ஒப்பீனியன்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே தம்பி, நம்ம கணக்கு குவாலிஃபை ஆயிருச்சு போல" என்றார். விஷயம் நேர் எதிர். மார்ச் 31 அன்று குடோனில் இருந்ததாகக் கணக்கில் காட்டிய மூட்டைகளைச் சரிபார்க்க வழியில்லாமல் போனதால், 'அந்தச் சரக்கு நீங்கலாக மற்றதெல்லாம் சரி' என்று ஆடிட்டர் எழுதியிருந்தார், அதற்குத்தான் அந்தப் பெயர். இனி கம்பெனிச் சட்டம் 2013-இன் 134-ஆம் பிரிவுப்படி டைரக்டர்கள் தங்கள் அறிக்கையில் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். அன்குவாலிஃபைடாக வந்திருந்தால் பாயசமே வைத்திருக்கலாம்! (இப்போதைய தணிக்கைத் தரநிலைகளில் 'அன்மாடிஃபைடு' என்கிறார்கள், ஆபீஸ் பேச்சில் அது 'கிளீன் ரிப்போர்ட்'.)

அவரையும் குறை சொல்ல முடியாது. நம்மூரில் 'அன்குவாலிஃபைடு' என்ற வார்த்தை காதில் விழுவதே போலி டாக்டர் செய்தியிலும் வேலை விண்ணப்பத்திலும்தான். மருத்துவம் படிக்காமல் ஊசி போடுகிறவர் அன்குவாலிஃபைடு, வேலைக்குக் கேட்ட படிப்பு இல்லாதவரும் அன்குவாலிஃபைடு. "அதைப் பற்றிப் பேச நான் அன்குவாலிஃபைடு" என்று ஒருவர் ஒதுங்கினால் அங்கே டிகிரி பேச்சு இல்லை, அருகதை இல்லை என்கிறார், அவ்வளவுதான். டிஸ்குவாலிஃபைடு வேறு கதை, அது இருந்த தகுதியைப் பறிப்பது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற எம்.எல்.ஏ. பதவி இழக்கிறாரே, அது மாதிரி.

சரி, ஒரே வார்த்தை எப்படி ஆளைத் தாழ்த்தி ரிப்போர்ட்டை உயர்த்துகிறது? பள்ளிக்கூடத்தில் 'அட்ஜெக்டிவ் நவுனை குவாலிஃபை செய்யும்' என்று மனப்பாடம் செய்தோமே, விடை அதில்தான் இருக்கிறது. அங்கே குவாலிஃபை என்றால் பாஸ் ஆவதில்லை, எல்லை கட்டுவது. பருப்பு என்றால் எல்லாப் பருப்பும்தான், துவரம்பருப்பு என்றதும் சுருங்கிவிடுகிறது. சொன்ன பேச்சுக்கும் அப்படித்தான். பெண் வீட்டார் விசாரிக்க வரும்போது பக்கத்து வீட்டு அத்தை "பையன் தங்கம்தான், ஆனா..." என்று இழுக்கிறாரே, அது குவாலிஃபைடு பாராட்டு. அந்த 'ஆனா' இல்லாவிட்டால் அன்குவாலிஃபைடு. அதனால் அடுத்து வருவது ஆளா, பேச்சா என்று பாருங்கள். அன்குவாலிஃபைடு ஆடிட்டர் என்றால் போலீசுக்குப் போக வேண்டியது, அன்குவாலிஃபைடு ஆதரவு, வெற்றி என்றால் முழுசாக, நிபந்தனையில்லாமல்.

மன்னிப்புக்கும் இதே கணக்குதான். "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்பது 'இருந்தால்' ஒட்டிய குவாலிஃபைடு மன்னிப்பு. வேடிக்கை என்னவென்றால், 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு கேட்ட மன்னிப்பை அது குவாலிஃபைடு என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்கிறது. ஆனாலும் மேலூர் ரோட்டு ஹைகோர்ட் கிளையில் அவமதிப்பு வழக்கு என்று வந்துவிட்டால் எந்த வக்கீல் ரிஸ்க் எடுப்பார்? 'அன்கண்டிஷனல்', 'அன்குவாலிஃபைடு' இரண்டையும் சேர்த்தே டைப் அடித்துவிடுவார்கள்.