அந்தப் பேர் யாருக்குப் போச்சு?

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது. நிறுத்தியது என் அப்பாயி.

நான் கூடலூர் நீதிமன்றத்தில் வக்கீல். வீடு பந்தலூர்ப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே. கூடவே முதுநிலைச் சட்டமும் படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகை மாறும்போது தேர்தல் தொகுதிகளைத் திரும்பப் பிரிப்பது. நம் நாட்டுத் தீர்ப்புகளைத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். மறுவரையறைச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியலமைப்பின் 329ஆம் பிரிவே பெரும்பாலும் இடம் கொடுக்காது. அதனால் வழிகாட்டிப் பேராசிரியர் அமெரிக்காவைப் படிக்கச் சொன்னார். அங்கே இதே விஷயத்துக்கு அறுபது வருஷச் சண்டை இருக்கிறது, அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

ஆடி மழையில் எங்கள் ஊரில் கரண்ட் இருக்காது. அன்றைக்கும் போய்விட்டது. அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, அச்செடுத்து வைத்திருந்த தாள்களை நான் முணுமுணுத்துப் படிக்க, அப்பாயி என்ன கதை என்று கேட்டது. சொன்னேன்.

1946ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இல்லினாய் மாநிலத்தில் தொகுதிகள் ஏற்றத்தாழ்வாக இருந்தன. நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர், இது அரசியல் முட்புதர், நீதிமன்றம் உள்ளே போகக் கூடாது என்று எழுதிவிட்டார். உண்ணிச்செடிப் புதருக்குள் மாட்டைத் தேடிப் போனவர்களுக்கு அந்தப் பயம் புரியும். 16 ஆண்டு கழித்து, 1962ல், பேக்கர் வழக்கில் நீதிமன்றம் உள்ளே போனது. டென்னசி மாநிலம் 1901க்குப் பிறகு தொகுதிகளைத் திருத்தவே இல்லை. நகரங்கள் பெருத்துப் போயின, இடங்கள் மட்டும் பழைய கிராமங்களிடமே இருந்தன. திருத்த வேண்டியவர்கள் யார்? அந்தப் பழைய கணக்கால் ஜெயித்தவர்கள். அவர்கள் எதற்குத் திருத்தப் போகிறார்கள்?

அப்புறம் 1964. ரெனால்ட்ஸ் வழக்கு, அலபாமா. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய ஒரு வரி எனக்கு மனப்பாடம்: சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களைத்தான் பிரதிநிதித்துவம் செய்கிறார்கள், மரங்களையோ ஏக்கர்களையோ அல்ல.

அப்பாயிக்கு இது பிடித்துப் போனது. சுற்றிலும் மரமும் ஏக்கரும்தானே எங்களுக்கு. அதுவும் யாருடையதோ.

சரி, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்து, கொஞ்சம் பின்னால் போய் 1787 கதையையும் சொன்னேன். அமெரிக்க அரசியலமைப்பு எழுதும்போது அடிமைகளை எப்படி எண்ணுவது என்று தகராறு வந்ததும், ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது என்று முடிவானதும்.

அப்பாயி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, “அரைப்பேரு மாதிரியா?” என்றது.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அப்பாயி முன்பு வேலை பார்த்த இலங்கைத் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் இடத்தில், நின்று எண்ணிக்கை கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் கணக்குப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார், அரை நாள் சம்பளம். அப்பாயியின் தகரப் பெட்டியில் 1972ஆம் வருஷத்துச் சம்பளத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, மஞ்சளாகி. வரிசையாக 1, 1, ½, 1, ½. அந்த மாதம் என் பெரியப்பாவுக்கு அம்மை போட்டிருந்ததாம்.

“ஆமா அப்பாயி, அரைப்பேரை விடக் கொஞ்சம் கூட” என்றேன்.

“அந்தப் பேரு யாருக்குப் போச்சு? அந்த ஆளுக்கா?”

இந்தக் கேள்வியில்தான் என் அத்தியாயம் நின்றது.

அரைப்பேர் குறைவுதான், ஆனால் அது உழைத்தவளின் கைக்கு வந்தது. ஐந்தில் மூன்று அடிமையின் கைக்கு வரவே இல்லை. அவருக்கு ஓட்டே கிடையாது. அவரை எண்ணியதால் பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடம் கிடைத்தது அவரை வைத்திருந்த எஜமானர்களின் மாநிலத்துக்கு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவிலும் அதே கணக்குதான். ‘முழு மனிதனாகக்கூட எண்ணவில்லையே’ என்று பலர் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். முழுதாக எண்ணியிருந்தால் எஜமானர்களுக்கு இன்னும் பலம் கூடியிருக்கும்! முழுதாக எண்ணச் சொன்னவர்கள் தெற்கத்திக்காரர்கள், எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கத்திக்காரர்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கொடுமையாகத் தெரிகிறது. 1868ல் வந்த 14ஆம் திருத்தம் எல்லோரையும் முழுதாக எண்ணச் சொன்னது. வயது வந்த ஆண் குடிமக்களுக்கு ஓட்டை மறுத்தால் அந்த மாநிலத்தின் இடங்களைக் குறைக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதினார்கள். எண்ணிக்கை உடனே நடைமுறைக்கு வந்தது. தண்டனை ஒரு நாளும் வரவில்லை. தெற்கு மாநிலங்கள் கறுப்பின மக்களை முழுதாக எண்ணிக்கொண்டு, வரி, எழுத்துத் தேர்வு, அடி உதை என்று ஓட்டை மட்டும் பிடுங்கின. பேர் முழுப்பேர், போனது வேறு ஆளுக்கு.

அப்பாயி கேட்டதற்குப் பிறகு ரெனால்ட்ஸ் தீர்ப்பை மறுபடி எடுத்தேன். அதில் ஓர் ஒப்பீடு வருகிறது. ஜெஃபர்சன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 6 லட்சத்துக்கு மேல் மக்கள், மேலவைக்கு ஓர் உறுப்பினர். லவுண்டஸ் கவுண்டியில் 15,417 மக்கள், அதற்கும் ஓர் உறுப்பினர். லவுண்டஸ்காரர்களின் ஓட்டுக்கு 40 மடங்கு எடை என்று நானும் குறிப்பு எழுதியிருந்தேன். அந்த லவுண்டஸில் ஐந்தில் நாலு பேர் கறுப்பின மக்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. 40 மடங்கு எடை யாருக்கு இருந்தது என்று என் குறிப்பில் எழுதவே இல்லை. எழுதாமல் விட்டது என் தவறு.

இதே சங்கதிதான் எங்களுக்கும் நடந்தது. 1946ல் இலங்கையில் தொகுதி பிரித்தபோது 75,000 ஆட்களுக்கு ஓர் இடம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் இடம் என்று கணக்கு வைத்தார்கள். மலையகத்தில் தோட்டத்து ஜனங்களையும் எண்ணித்தான் தொகுதி பிரித்தார்கள். 1947 தேர்தலில் அப்பாயியின் அப்பா ஓட்டுப் போட்டார். நுவரெலியாவில் எங்கள் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் ஜெயித்தார். 1948ல் தோட்டத்து ஜனங்களைக் குடிமக்களாக ஏற்காத குடியுரிமைச் சட்டம், 1949ல் குடிமக்களுக்குத்தான் ஓட்டு என்று தேர்தல் சட்டம். பட்டியலில் இருந்து தோட்டமே காலியானது. தொகுதி மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் ஆட்களை எண்ணிப் பிரித்த தொகுதியில், மிச்சமிருந்த கொஞ்சம் பேரின் ஓட்டு எடை கூடியது. கோடகன் பிள்ளை என்பவர் வழக்குப் போட்டு அன்றைக்கு இலங்கைக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். யார் குடிமக்கள் என்று தீர்மானிப்பது சட்டமன்றத்தின் வேலை என்று 1953ல் தள்ளிவிட்டார்கள். தொண்டமான் மறுபடி ஓட்டு வாங்கி ஜெயித்துப் பாராளுமன்றம் போனது 1977ல்.

எங்கள் வீட்டில் இதை ‘ஓட்டுரிமை போனது’ என்று மட்டும்தான் சொல்வோம். போன உரிமையின் எடை இன்னொருவர் தராசுத் தட்டில் ஏறியதை நானே அமெரிக்க வழக்குகளைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்படியானால் ஓட்டு உள்ளவர்களை மட்டும் எண்ணித் தொகுதி பிரிக்கலாமா? இதைத்தான் டெக்சாஸில் இரண்டு வாக்காளர்கள் கேட்டார்கள். எவன்வெல் வழக்கு, தீர்ப்பு 2016ல். குழந்தைகளும் குடியுரிமை இல்லாதவர்களும் அதிகம் உள்ள தொகுதியில் வாக்காளர்கள் குறைவு, அதனால் அவர்கள் ஓட்டுக்கு எடை கூடுகிறது, இது அநியாயம் என்பது அவர்கள் வாதம். எட்டு நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். உறுப்பினர் தனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டுமல்ல, அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் வேலை செய்ய வேண்டியவர், பள்ளிக்கூடம் நன்றாக இருப்பது ஓட்டில்லாத குழந்தைக்கும் முக்கியம் என்பது அதன் சாரம்.

படித்தவுடன் சரி என்றுதான் பட்டது. இன்றும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதே கணக்குதான் எங்கள் ஆட்களை முழுங்கியது. ஒரே விதி டெக்சாஸில் நியாயமாகவும் நுவரெலியாவில் அநியாயமாகவும் எப்படி இருக்க முடியும்?

இதற்குக் கிட்டத்தட்ட ஒரு பதிலை ஜான் ஹார்ட் ஈலியிடம் கண்டேன். ஏர்ல் வாரனிடம் எழுத்தராக வேலை பார்த்துப் பிறகு பேராசிரியரானவர். 1980ல் வந்த அவர் புத்தகம் அமெரிக்கச் சட்டப் படிப்பில் எல்லோரும் தாண்டிப் போக வேண்டிய ஒன்று. எது நல்ல கொள்கை என்று நீதிபதிகள் சொல்ல வேண்டாம், ஆட்சியில் இருப்பவர்கள் வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் அந்த வாசலைத் திறந்துவிடுவதுதான் அவர்கள் வேலை என்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார். ஓட்டில்லாதவருக்காக இன்னொருவர் பேசுவது, இருவரின் நலனும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால்தான் நடக்கும். ஒருவருக்கு விழும் அடி மற்றவருக்கும் வலிக்க வேண்டும். குழந்தைக்கு ஓட்டில்லை, ஆனால் குழந்தையின் வயிறு காய்ந்தால் தாய்க்கு வலிக்கும். அவளிடம் ஓட்டு இருக்கிறது. லவுண்டஸில் அந்தக் கட்டு இல்லை. நுவரெலியாவிலும் இல்லை. எங்களை ஊரை விட்டு அனுப்புவதே அங்கே ஓட்டு வாங்கித் தந்தது.

ஈலியை இன்னொரு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் டிரைப் அதே ஆண்டில் மறுத்து எழுதினார். யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதே ஒரு மதிப்பீடுதான், அதை நடைமுறைக்குப் பின்னால் ஒளிக்க முடியாது என்கிறார். அந்தக் கண்டனம் நியாயமானது. மற்றொரு பேராசிரியர் புரூஸ் ஆக்கர்மன் 1985ல் வேறு பக்கத்தில் இருந்து வந்தார். ஒரே இடத்தில் திரண்டு வாழும் சிறுபான்மையினர் ஒன்று சேர்ந்து பேரம் பேசிவிடுவார்கள், சிதறிக் கிடப்பவர்கள்தான் தோற்பார்கள் என்கிறார். இங்கே நான் முழுதாக மாறுபடுகிறேன். எங்கள் ஆட்களைப் போலத் திரண்டு வாழ்ந்தவர்கள் யார்? தோட்டத்துக்குத் தோட்டம் சங்கம் இருந்தது. திரண்டிருந்ததால்தான் முதல் அடியே ஓட்டின் மேல் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். பிறகு 1964ல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எங்களை யாரும் கேட்காமல் எண்ணி முடித்தார்கள். வாரன் மரத்தையும் ஏக்கரையும் பற்றி எழுதியதும் அதே வருஷம்தான்.

எங்கள் வீட்டார் 1973ல் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்கு வந்தார்கள். அப்பாயி முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1977ல், 32 வயதில். மையை அழியவிடக் கூடாது என்று மூன்று நாள் அந்த விரலைத் தண்ணீர் படாமல் வைத்திருந்ததாம். கொழுந்து எடுக்கிற கை, எப்படி முடிந்ததோ.

இதோடு அத்தியாயத்தை முடித்துவிடலாம் என்று இருந்தேன். இங்கே நீலகிரி மக்களவைத் தொகுதியில் உதகையும் குன்னூரும் கூடலூரும் அடங்கும், கீழே இறங்கினால் மேட்டுப்பாளையம், பவானிசாகர், அவினாசி. மலைக்காரர் ஓட்டு அதில் கரைகிறதா என்று தனி அத்தியாயமே எழுதலாம். தமிழ்நாட்டுக்கு 39 இடம். மாநிலங்களுக்கு இடையே பிரித்த அந்தக் கணக்கு 1971 மக்கள்தொகையில் நிற்கிறது. 1976ல் 42ஆம் திருத்தத்தால் நிறுத்தினார்கள், பிறகு 84ஆம் திருத்தத்தால் 2026 தாண்டி வரும் கணக்கெடுப்பு வரை நீட்டினார்கள். அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1920 கணக்கெடுப்பில் நகரங்கள் பெருத்ததைப் பார்த்து, அந்தப் பத்தாண்டு முழுக்க இடங்களைப் பிரிக்காமலே விட்டார்கள். அங்கே கிராமத்து உறுப்பினர்கள் இடம் போய்விடும் என்று செய்தார்கள். இங்கே குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்று செய்தார்கள். அந்தக் காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது, தெற்கின் இடங்கள் குறையக் கூடாது என்ற பக்கம்தான் நான் நிற்கிறேன்.

இதை அப்பாயிக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. 1971ல் இந்தியா எண்ணியபோது அப்பாயி இங்கே இல்லை. அதே வருஷம் அக்டோபரில் இலங்கையிலும் எண்ணினார்கள். அங்கே இருந்தது, ஓட்டில்லாமல். அங்கே எண்ணிக்கையில் உண்டு, ஓட்டில் இல்லை. இங்கே ஓட்டில் உண்டு, அந்த 39ன் எண்ணிக்கையில் இல்லை.

“அப்ப அந்த முப்பத்தொம்பதுல நான் இல்லியா?” என்று கேட்டது.

“இல்ல அப்பாயி. மாநிலத்துக்குள்ள எல்லை பிரிச்சதுல இருக்கீங்க, அது 2001 கணக்கு. முப்பத்தொம்பதுல இல்ல.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து சம்பளத் துண்டு, குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அடுத்த தடவை எண்ண வருபவர்கள் எப்போது வருவார்கள், எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று விசாரித்தது. காகிதம் எதுவும் வேண்டாம், சொன்னால் எழுதிக்கொள்வார்கள் என்றேன். நம்பாமல் பாஸ்போர்ட்டை மட்டும் மேலே எடுத்து வைத்தது.

இரண்டாம் அத்தியாயம் டென்னசியில் தொடங்குவதாக இருந்தது. அதை அழித்துவிட்டேன். இப்போது முதல் வரியில் 1, 1, ½, 1, ½ என்று இருக்கிறது.