பனைக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

வானைப் படமெடுக்கத் தொலைநோக்கியைப் பூட்டியிருக்கிறோம். அது நட்சத்திரத்தை விட்டு எவ்வளவு விலகுது என்று காட்டும் திரையில் கிழக்கு-மேற்குக்கான நீலக் கோடு ஒழுங்காகத்தான் போகிறது, வடக்கு-தெற்குக்கான சிவப்புக் கோடுதான் துள்ளுது.

"அண்ணை, கேபிள் எங்கேயோ இழுக்குது" என்றான் தம்பி. கேபிளைத் தளர்த்திக் கட்டினோம். மாற்றமில்லை.

அப்புறம் கைடு கேமராவில், அதாவது தொலைநோக்கி விலகாமல் காவல் பார்க்கும் துணைக் கேமராவில், அந்த ஒற்றை நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே போ என்று மென்பொருள் தட்டுகிறது, அசையவில்லை. இன்னொரு தட்டு, அதற்கும் இல்லை. திடீரென்று ஒரே பாய்ச்சல், குறியையும் தாண்டி. பற்சக்கர இடைவெளி! திசை மாறும்போதெல்லாம் பல் பல்லைப் பிடிக்கும்வரை மோட்டர் சும்மா சுற்றுகிறது.

துருவச் சீரமைப்பை, அதாவது தொலைநோக்கி சுழலும் அச்சை வானத் துருவத்துக்கு நேராக்குவதை, வேண்டுமென்றே மயிரளவு பிசகாக விட்டேன். நட்சத்திரம் ஒரே பக்கமாக நகரும், திருத்தமும் எதிர்ப்பக்கம் மட்டும். கோடு படுத்துவிட்டது. கச்சிதமாகச் சீரமைத்தால்தான் படம் வரும் என்பவர்கள் ஒருமுறை தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டை மலிவாக வாங்கிப் பார்க்கட்டும்.

வழிகாட்டி நூல்கள் எல்லாம் முதலில் துருவ நட்சத்திரத்தைப் பிடி என்கின்றன. ஒட்டுசுட்டானில் அது ஏறத்தாழ 9 பாகை உயரத்தில், பனைக்கூடலுக்குள் நிற்கிறது. தலைக்கு மேலாக வடக்கு-தெற்கே ஓடும் உச்சிக்கோட்டுக்கு அருகே ஒரு நட்சத்திரம், கிழக்கே தாழ ஒன்று, இரண்டும் எந்தப்பக்கம் நழுவுது என்று பார்த்துப் பார்த்துத் திருகுவதுதான் எங்கள் வழி. அச்சும் கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் தொலைநோக்கியைச் சமன்செய்யும் எதிர்நிறை முக்காலியில் இடிக்காமல் வேறு பார்க்கவேண்டும்.

சரி, இந்தக் கரைச்சலுக்கு ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து கிடைக்கிறதே. லண்டன் மச்சானுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, படம் அனுப்பினால் இன்றைக்கும் பொறாமையில் பதில் போடமாட்டான்.