ஆயிரம் ரிங்கிட்டும் ஏழு பழைய கணினிகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து சற்று உள்ளே, ஒரு காலத்தில் பால் மரக் காடாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட எங்கள் வட்டாரத்தில், கோயில் மண்டபத்தின் பின்னறையில் வாரத்துக்கு நான்கு மாலைகள் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. 2025 ஆம் ஆண்டு ஜூலையில், ஈப்போவில் தன் கிளையை மூடிய ஒரு நிறுவனம் அந்த வகுப்புக்கு ஏழு மேசைக் கணினிகளை அன்பளிப்பாகத் தந்தது. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். கணினி படித்தவன் அல்லன். சம்பளப் பட்டியலைக் கணினியில் ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து, கெட்டுப்போன பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கத்தை நம்பி நிர்வாகக் குழு இந்த வேலையை என்னிடம் ஒப்படைத்து, 1,000 ரிங்கிட்டையும் ஒதுக்கியது. "ஐயா, இதற்கு மேல் போனால் திருவிழாக் கணக்கில்தான் கைவைக்க வேண்டியிருக்கும்" என்று தலைவர் அப்போதே சொல்லிவிட்டார்.

ஏழும் ஒரே வகை அலுவலகக் கணினிகள். கணினியின் மூளையாக இன்டெல் ஐ3-4130 பிராசசர், எல்லா உறுப்புகளும் செருகும் பலகையாக எச்81 வகை மதர்போர்டு, நடக்கும் வேலையைத் தற்காலிகமாக நினைவில் வைக்க 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒரே ஒரு துண்டு, கோப்புகளைச் சேமிக்க 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஏழில் ஒன்று உயிர் பெறவே இல்லை. மற்ற ஆறும் இயங்கின. ஆனால் பொத்தானை அழுத்தியதிலிருந்து எதையாவது சொடுக்கித் திறக்கும் நிலைக்கு வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பின் பிரவுசரைத் திறந்து, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்குள் நுழைய இன்னொரு நிமிடம். ஒன்றரை மணி நேர வகுப்பில் பிள்ளைகள் வெறும் வட்டம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தைக் கூட்டினால் மனம் வலிக்கும். கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை மகன் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "மாமா, அதையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, அந்த ஆயிரம் வெள்ளிக்கு நல்ல கணினியாக ஒன்று வாங்குங்கள்" என்றான். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்பது பத்துப் பேருக்கு ஒரு தோசை என்பது போலத்தான்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஆறு கணினிகளிலும் ஒவ்வோர் உறுப்பின் உழைப்பையும் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து, வகுப்பில் வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்து பார்த்து, எந்த உறுப்பு திணறுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். பிராசசர் பெரும்பாலான நேரம் இருபது விழுக்காட்டுக்குக் கீழேதான் இருந்தது. ரேம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நூறு விழுக்காட்டில் நின்று இறங்கவே இல்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டின் மேல் ஒரு முள் இங்குமங்கும் ஓடித் தகவலைப் பொறுக்குவதால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது அதனால் வினாடிக்கு ஏறக்குறைய நூறு இடங்களுக்கு மேல் போக இயலாது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை அதே தட்டில் எழுதி எழுதி எடுக்கும்; அப்போது தட்டின் பாடு இன்னும் மோசமாகிறது. ஆக, கணினி கிழடாகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் ஓர் உறுப்பின் மேல் சுமத்த வேண்டிய பழி. சுழலும் தட்டே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியும் இன்னொரு துண்டு ரேமும் போதும், பிராசசரைத் தொட வேண்டாம் என்ற முடிவு அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது.

முடிவு சரியாக இருந்தும் முதல் கொள்முதலில் சறுக்கினேன். இணையக் கடை ஒன்றில் 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒரு துண்டு 32 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. மற்ற இடங்களில் கேட்ட விலையைவிட அது குறைவு. சோதனைக்காக இரண்டு வரவழைத்தேன். பொருத்தியதும் திரை கறுப்பாகவே இருந்தது, பொத்தானின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டியது. கழற்றி மாட்டினேன், இடம் மாற்றினேன், தங்க நிற முனைகளை அழிப்பானால் தேய்த்தேன், பயனில்லை. ஈப்போவில் உள்ள ஒரு கணினிக் கடைக்கு எடுத்துப்போனபோது, அங்கிருந்த சீனத் தவுக்கே (கடை முதலாளி) துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஏஎம்டிக்கு மட்டும்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். சாதாரண ரேமில் ஒவ்வொரு சில்லும் ஒரே நேரத்தில் எட்டு பிட் தரும். இந்த மலிவு வகையில் நான்கு பிட் தரும் சில்லுகளை வைத்திருக்கிறார்கள். இன்டெல் மேசைக் கணினிகள் அதை ஏற்பதில்லை, போட்டி நிறுவனமான ஏஎம்டிக்குரிய சில பலகைகள் ஏற்கும். இரண்டிலும் பதினாறு சில்லுகளே இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விற்பனைப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் அந்த எச்சரிக்கை இருந்ததைப் பிறகு பார்த்தேன். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 64 ரிங்கிட்டை மறைக்காமல் செலவுக் கணக்கில் எழுதித்தான் குழுவிடம் கொடுத்தேன்.

அதே தவுக்கேயிடமே பழைய 4 ஜிபி துண்டுகள் ஆறு, ஒன்று 20 ரிங்கிட் வீதம் வாங்கினேன். 8 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 4 ஜிபி இரண்டு துண்டுகளாக இருப்பது இந்தக் கணினிகளுக்கு ஒருபடி மேல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கான வேலையும் இதே ரேமிலிருந்துதான் நடக்கிறது. இரண்டு துண்டு இருந்தால் இரு வழியாகத் தகவல் ஓடும். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலைப் பென்டிரைவில் ஏற்றி ஒவ்வொரு கணினியையும் ஓர் இரவு முழுவதும் சோதித்தேன். ஒரு துண்டு மட்டும் பிழை காட்டியது. தவுக்கே மறு பேச்சில்லாமல் மாற்றித் தந்தார். பழைய ரேம் வாங்குகிறவர்கள் இந்த ஓர் இரவைச் செலவிடத் தயங்கக் கூடாது, ஏனெனில் பழுதான ரேம் உடனே காட்டிக்கொடுக்காமல், மூன்று வாரம் கழித்து மாணவனின் கட்டுரைக் கோப்பைக் கெடுக்கும்போதுதான் தெரியவரும்.

எஸ்எஸ்டி மட்டும் புதிதாகத்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். 240 ஜிபி, சாட்டா என்ற கம்பியால் மதர்போர்டோடு இணையும் வகை, மூன்று ஆண்டு உத்தரவாதத்துடன் ஒன்று 78 ரிங்கிட், ஆறுக்கு 468. இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலைக்கு 2 டிபி என்று விற்கும் எஸ்எஸ்டிகள் பல போலியானவை. உள்ளே சிறிய மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். ரேமில் பட்ட சூடு இங்கே உதவியது.

பெட்டிகளைத் திறந்தபோது ஈப்போ அலுவலகத் தூசியைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் மண்டபத்தில் ஒரு மாதம் கிடந்ததற்குள்ளாகவே சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் விசிறி இதழ்களில் பிசுபிசுவென்று ஏறியிருந்தன. ஒன்றின் உள்ளே பல்லி முட்டை இரண்டு இருந்தன. மின் கம்பியைப் பிடுங்கி, பொத்தானைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, கையைப் பெட்டியின் இரும்பில் தொட்டுக்கொண்டு, வண்ணம் பூசும் தூரிகையால் துடைத்தேன். பிராசசரின் மேலிருந்த, அதன் சூட்டைக் கடத்திவிடும் தெர்மல் பேஸ்ட் பசை பத்து ஆண்டுக்கு மேலாகி சுண்ணாம்புக் காரைபோல் உதிர்ந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக, ஒரு பட்டாணி அளவு மட்டும், வைத்த பிறகு கடும் வேலையின்போது 82 பாகை காட்டிய வெப்பம் 58 பாகைக்கு இறங்கியது. ஆறுக்கும் சேர்த்து ஒரு குழாய் போதும், விலை 15 ரிங்கிட்.

எஸ்எஸ்டியைத் திருகிப் பொருத்தச் சட்டம் விற்கிறார்கள், நான் வாங்கவில்லை. உள்ளே அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் இரட்டைப் பக்க ஒட்டு நாடாவே போதும். இதைவிட முக்கியம் அதை எந்தத் துளையில் செருகுகிறோம் என்பது. எச்81 பலகையில் சில சாட்டா துளைகள் வினாடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தையும் சில அதில் பாதியையும் தருபவை. பழைய டிவிடி இயக்கியின் கம்பியை அப்படியே எடுத்து மாட்டிய முதல் கணினியில் நான் பாதி வேகத்தைத்தான் பெற்றேன். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில், சேமிப்பு வட்டோடு பேசும் முறை இரண்டு கணினிகளில் பழைய ஏடிஏவாக இருந்தது. இயங்குதளம் நிறுவுவதற்கு முன்பே அதைப் புதிய ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினேன். கூடவே ஆறுக்கும் சிஆர்2032 பொத்தான் மின்கலம் புதிதாக இட்டேன். ஒன்று மூன்று ரிங்கிட்தான். அது தீர்ந்துபோனால் கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குத் திரும்பி, பாதுகாப்பான தளங்களையெல்லாம் ஆபத்தானவை என்று காட்டும். இணையம் கெட்டுவிட்டது என்று ஆசிரியை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

இயங்குதளம் பற்றித்தான் குழுவில் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவதாக இருந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசசரையும் கேட்கிறது. எங்களுடையது நான்காம் தலைமுறை. தடையைச் சுற்றிப்போய் நிறுவும் வழிகள் உண்டு என்றாலும், அப்படி நிறுவியதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதி இல்லாததால், பிள்ளைகள் தங்கள் கடவுச்சொல்லை இடும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் வரை கிடைக்கும் என்று அப்போது அறிவித்திருந்தாலும் அது ஒரு தவணைதானே. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். பணம் கட்ட வேண்டியதில்லை, 2029 வரை ஆதரவு உண்டு, பிள்ளைகளின் வேலையில் பெரும்பகுதி பிரவுசருக்குள்ளேயே நடப்பதால் இழப்பு குறைவு. "பள்ளியில் ஒன்று, இங்கே ஒன்று என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள்" என்று ஆசிரியை கவலைப்பட்டார். முதல் நாளே நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, கேட்காமலேயே பின்திரைப் படத்தை மாற்றி வைத்திருந்ததைப் பார்த்த பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு கணினியில் மட்டும் எல்லாவற்றையும் முழுமையாக அமைத்தேன். தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் என்ற நிரல் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த இந்த முறையை முதல் முறையாகத் தட்டச்சு பழகும் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியை நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் பழகியவர்; அவருக்காக ஒலிபெயர்ப்பு முறை ஒன்றையும் சேர்த்தேன், ஆனால் அது அச்சாக அஞ்சல் முறை அல்ல, சில எழுத்துகளுக்கு விரல் தடுமாறத்தான் செய்கிறது. ஆவணம் எழுதும் லிப்ரே ஆபிஸில் தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் ஆங்கிலத்துக்கு உரியதிலிருந்து தனியாக அமைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாலை ஆயிற்று. எல்லாம் சரியானதும் வட்டை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா நிரலைக் கொண்டு அந்த ஒன்றின் பிரதியை ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் எடுத்து, மற்ற ஐந்துக்கும் இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கணினிகளின் பெயர்களை மட்டும் தனித்தனியாக மாற்றினேன். ஈப்போ நிறுவனத்தின் கணக்கு வழக்குகள் அப்படியே கிடந்த ஹார்ட் டிஸ்குகளை, ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு, முழுவதும் அழித்தேன். அன்பளிப்பாகக் கொடுப்பவர்கள் இதைத் தாங்களே செய்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

உயிரற்ற ஏழாவது கணினி வீண் போகவில்லை. வேலை பாதியில் இருக்கும்போது ஒன்றின் பவர் சப்ளை இறந்தது. இந்த வகைக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 24 முள் பவர் சப்ளை பொருந்தாது. மதர்போர்டில் இருப்பது 8 முள் இணைப்பு. ஏழாவதிலிருந்து கழற்றி மாட்டினேன். அதன் ரேம் துண்டும் விசிறியும் இப்போது பிஸ்கட் டின் ஒன்றில் உதிரிகளாக இருக்கின்றன. ஆசிரியை காணொளி தொகுக்கும் ஒரு கணினிக்கு மட்டும், 55 ரிங்கிட்டுக்குப் பழைய ஐ5-4570 பிராசசர் வாங்கிப் போட்டேன். அதே சாக்கெட்டில் செருகலாம், கோர் எனும் கணக்கிடும் பகுதிகள் இரண்டுக்குப் பதில் நான்கு. மற்ற ஐந்துக்கும் அது தேவைப்படவில்லை.

வைஃபை யூஎஸ்பி குச்சிகளில் பல லினக்ஸில் முரண்டு பிடிக்கும் என்பதால், இணையத்தைப் பல கணினிகளுக்குப் பிரிக்கும் எட்டுத் துளை சுவிட்ச் ஒன்றும் கம்பியுமாக 80 ரிங்கிட்டில் இணையத்தை முடித்தேன். மாலை மழையும் இடியும் இங்கே அன்றாடம். இரண்டு ஆண்டுக்கு முன் மண்டபத்து மோடம் மின்னலில் கருகியது. சிரிம் தர முத்திரையுள்ள, மின்னெழுச்சித் தடுப்புள்ள நீட்டிப்புப் பலகைகள் இரண்டு 76 ரிங்கிட். அதையும் முழுதாக நம்பாமல், வகுப்பு முடிந்ததும் மின் கம்பியையும் மோடத்திலிருந்து வரும் கம்பியையும் பிடுங்கும் பொறுப்பை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முறை வைத்து ஏற்றிருக்கிறார்கள்.

இப்போது பொத்தானை அழுத்தி இருபத்தைந்து வினாடியில் திரை வந்துவிடுகிறது. மொத்தச் செலவு, வீணான 64 ரிங்கிட்டையும் சேர்த்து, 896 ரிங்கிட். மீதி 104 ரிங்கிட்டைத் தலைவரிடம் திருப்பித் தரப் போனேன். அவர் வாங்கவில்லை, கணக்குப் புத்தகத்தில் "உதிரிப் பாகம்" என்று ஒரு தலைப்பு எழுதி, அதன் கீழே அந்தத் தொகையை வரவு வைத்தார்.