பி27 புட்டி மாறியதில் போன மூன்று மாதங்கள்

ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (இரத்தச் செல் போன்ற முதிர்ந்த செல்லைப் பின்னோக்கி மாற்றிப் பெறும், எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்கள்) துடிக்கும் இதயத் தசைச் செல்கள் எனக்குக் கிடைத்தது சென்ற வாரம்தான். இதே ஆய்வில் இறங்கவிருக்கும் மாணவர்கள் நான் இடறிய இடங்களில் இடறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதலின்படி ஸ்டெம் செல் ஆய்வுக்கெனத் தனிக் குழு ஒன்றும் பார்க்க வேண்டும். செல்வரிசை (ஒருவரின் செல்லிலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) பல ஆண்டுகள் சேமிக்கப்படும் என்ற வாக்கியம் எனது ஆங்கிலச் சம்மதப் படிவத்தில் இருந்தது. தமிழ்ப் படிவத்தில் விடுபட்டிருந்தது. இரத்தம் கொடுப்பவர் படித்துக் கையொப்பமிடுவது தமிழ்ப் படிவத்தில்தான் என்பதால், குழு கோப்பைத் திருப்பியது முற்றிலும் சரியே. அடுத்த கூட்டம் வரை காத்திருந்தேன். அதன் பின் இரத்தச் செல்களை யமனாகா காரணிகளால் (செல்லைப் பின்னோக்கி மாற்றும் நான்கு புரதங்கள்) ஐ.பி.எஸ். செல்களாக மாற்றும் கட்டம் சிக்கலின்றி முடிந்தது.

மனம் ஆறாதது அடுத்து நடந்ததில்தான். முதலில் சிர்99021 என்ற வேதிப்பொருளைக் கொடுத்து, செல் எந்த வகையாக வளரும் என்பதை வழிநடத்தும் வின்ட் சமிக்ஞையைத் தூண்டி, மூன்றாம் நாள் ஐ.டபிள்யூ.பி.2 என்ற இன்னொரு வேதிப்பொருளைக் கொடுத்து அதை அடக்கும் முறையில், முதல் ஏழு நாள்கள் ஊடகத்தில் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) இன்சுலின் இருந்தால் செல்கள் இதயத் தசையாவது தடைப்படும். அதற்குப் பிறகோ இன்சுலின் சேர்ந்த ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். ஆகவே ஊடகத்தில் சேர்க்கும் பி27 என்ற ஊட்டக் கலவையை, இன்சுலின் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாகக் கேட்டிருந்தேன். கொள்முதல் பிரிவு எழுத்தர், ஒரே பொருளை இருமுறை எழுதியிருப்பதாக எண்ணி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்சுலின் இல்லாததை அடித்துவிட்டார். வந்த புட்டிகளைச் சரிபார்க்காமல் நானும் உறைவிப்பானில் அடுக்கிவிட்டேன்.

மூன்று முறை செல்களை வளர்த்தும் துடிப்பே இல்லை. சிர் அளவை மாற்றினேன், செல் அடர்த்தியை மாற்றினேன், மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று இருக்குமோ என்றும் சோதித்தேன். ஒரு மாலை புட்டியில் படிந்த உறைபனியைக் கட்டைவிரலால் துடைத்தபோதுதான், 'இன்சுலின் நீக்கியது' என்ற குறிப்பு அதில் இல்லாதது கண்ணில் பட்டது. சரியான புட்டி உலர்பனியில் வந்து சேர மேலும் ஐந்து வாரங்கள் ஆயின. பொருளின் பெயரை நம்பாதீர்கள். பட்டியல் எண்ணை ஒப்பிட்ட பிறகே கையொப்பமிடுங்கள். சிர் அளவையும் ஒவ்வொரு செல்வரிசைக்கும் புதிதாகக் கண்டறியத்தான் வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை, தட்டின் ஒரு குழியில், ஓரமாகச் சிறு திட்டு ஒன்று துடித்தது. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே தட்டு குளிர்ந்து துடிப்பு தளர்ந்தது; பதறிப்போய் இன்குபேட்டரில் வைத்தேன், மீண்டும் சீரானது. பெரிய மாரடைப்பில் 100 கோடி தசைச் செல்கள் வரை அழியக்கூடும்; என் தட்டில் இருப்பவை சில லட்சம். அவற்றில் எத்தனை உண்மையான தசைச் செல்கள் என்பதை அறிய ட்ரோபோனின் டி (இதயத் தசைச் செல்லை அடையாளம் காட்டும் புரதம்) சோதனைக்கு நாளை கொடுக்கிறேன்.