வண்டியை அணைத்துவிட்டு

வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து உதவும் கத்தோலிக்கக் குழு. அதில் நான் சேர்ந்து 7 வருடம் ஆகிறது. எங்கள் பங்குக் கோயிலில் சபைக்கு 11 பேர். ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பறையில் கூடுவோம். செபம், சின்ன வாசிப்பு, போன வாரம் யார் யார் வீட்டுக்குப் போனோம் என்ற விவரம். கடைசியில் ஒரு துணிப்பை கைமாறி வரும். இரகசியப் பை என்போம். எல்லாரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் 500 போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்று தெரியாது. மாதக் கடைசியில் வெறும் கையை விட்டு எடுத்தவர்களில் நானும் உண்டு.

வீடு சந்திப்புக்கு இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எனக்கும் என் கூட்டாளிக்கும் கிடைத்தது தனியாக இருக்கும் ஓர் ஆச்சி. நாற்பது வருடம் பீடி சுற்றியவர். முதல் ஆறு மாதம் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: வாசலில் பைக்கை நிறுத்தி, 5 கிலோ அரிசியும் பருப்பும் இறக்கி, "நல்லா இருக்கியளா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது. ஒரு நாள் ஆச்சி சொன்னார்: "பால்காரன்கூட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறான். நீங்க கோயில்ல இருந்து வாரோம்னு சொல்லுதீய, வண்டிய அணைக்கக்கூட மாட்டுதீயளே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இந்தச் சபை 1833இல் பாரிசில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் அங்கே காலரா. ஒரு விவாதக் கூட்டத்தில், "உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி 20 வயது மாணவர் பிரடெரிக் ஓசானாமை உறுத்தியது. நண்பர்களோடு கிளம்பிவிட்டார். ஆனால் ஏழை வீட்டுக்குள் எப்படிப் போவது, என்ன பேசுவது? அதைச் சொல்லிக்கொடுத்தவர் பாரிசின் முஃப்தார் பகுதியில் சேவை செய்த ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி. ஓசானாமுக்கு 1997இலும் ரோசலிக்கு 2003இலும் முத்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கிடைத்தது. எங்கள் அறையில் ஓசானாம் படம் மட்டும்தான் மாட்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த அம்மா படத்தைத்தான் முதலில் மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வண்டியை அணைத்தோம். ஆச்சி பாய் விரித்தார். உட்கார்ந்து பேசிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் அரிசி பாதி பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்று. ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது. ஆனால் பீடி சுற்றித் தேய்ந்த விரலில் ரேகை இல்லை, இயந்திரத்தில் பதிய மாட்டேன் என்கிறது. அதனால் ஒவ்வொரு மாதமும் அலைச்சல். அவருக்கு வேண்டியிருந்தது கூட வர ஒரு ஆள். போனோம். வேறு வேறு விரலாக வைத்துப் பார்த்து, ஐந்தாவது தடவை பதிந்தது. திரும்பி வந்ததும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வாயைத் திறக்காமல் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர், அவர் ஓய்வு பெற்ற வாத்தியார், நோட்டைத் திறந்தார். "இந்த வாரம் என்ன கொடுத்தீங்க?"

"ஒண்ணும் கொடுக்கலை சார். காப்பி குடிச்சோம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் 'சந்திப்பு: 1' என்று மட்டும் எழுதிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தார்.