ஒரே பெயர், வேறு நடத்தை

கணினிகளுக்கு இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் ஒரு சிறிய கருவியை சி மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அது ஓட வேண்டும். இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று: கம்பைல் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது) ஆகாத வித்தியாசங்களைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். புதிய ப்ராசஸைத் தொடங்கும் ஃபோர்க் விண்டோஸில் இல்லையென்றால் கம்பைலரோ, நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கரோ உடனே சொல்லிவிடும், உட்கார்ந்து சரிசெய்யலாம். கம்பைலும் ஆகி, டெஸ்ட்டும் பாஸாகி, இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடந்துகொள்பவைதான் ஆபத்தானவை.

கோப்பின் பெயரை மாற்றும் ரீநேம் ஃபங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைப் பத்திரமாகப் புதுப்பிக்க, தற்காலிகக் கோப்பில் முழுதும் எழுதிவிட்டு அதைப் பழைய பெயருக்கு மாற்றுவது வழக்கம். லினக்ஸ், மேக் போன்ற பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரம்) கணினிகளில் இது ஒரே அடியில் நடக்கும். அந்தப் பெயரைத் திறப்பவருக்குப் பழையது கிடைக்கும், அல்லது புதியது கிடைக்கும். இரண்டுங்கெட்டான் நிலை கிடையாது. விண்டோஸின் சி லைப்ரரியில் அதே ரீநேம், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் தோற்றுவிடும். உடனே பலரும் பழையதை அழித்துவிட்டு ரீநேம் செய்யும்படி எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் மின்சாரம் போனால், பயனரின் கோப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. அங்கே விண்டோஸின் சொந்த ஃபங்ஷனான மூவ்ஃபைல்எக்ஸை, இருப்பதை மாற்றி எழுதச் சொல்லும் ஃபிளாகோடு அழைக்க வேண்டும். அதுவும் ஆன்டிவைரஸ் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் மறுக்கப்படலாம்; சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும்.

இத்தனையும் என் நிரலில் ஒரே ஃபங்ஷனுக்குள் அடங்கியிருக்கிறது. அதன் பெயர் வேலையைச் சொல்கிறது: இந்தக் கோப்பின் இடத்தில் அதை வை. அழைக்கும் பக்கத்துக்கு எந்த ஓ.எஸ் என்றே தெரியாது. யூனிக்ஸுக்கு ஒரு கோப்பு, விண்டோஸுக்கு ஒரு கோப்பு. எது வேண்டும் என்பதை பில்ட் பார்த்துக்கொள்ளும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் இப்படித்தான் ஓ.எஸ் சார்ந்த வேலைகளை வி.எஃப்.எஸ் என்ற அடுக்குக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறது. லாஜிக்கின் நடுவே இஃப்டெஃப்களை (இந்த ஓ.எஸ் என்றால் மட்டும் இந்த வரிகளைக் கம்பைல் செய் என்னும் கட்டளைகளை) தூவுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். லினக்ஸில் உட்கார்ந்து திருத்துபவரிடம் விண்டோஸுக்கான மறுபாதி கம்பைல்கூட ஆவதில்லை. அது கெட்டுப்போனது வேறொருவர் கணினியில்தான் தெரியவரும்.

டேட்டா டைப் விஷயம் பழைய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். லாங் என்ற முழு எண் டைப் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். கோப்பின் அளவை அதில் வைத்தால் 2 ஜி.பி. தாண்டியதும் விண்டோஸில் எண் கெட்டுவிடும். ஒரு பைட் அளவுள்ள வெறும் சார் டைப், எக்ஸ்86 சிப்பில் ஓடும் லினக்ஸில் மைனஸ் எண்களை ஏற்கும், ஆர்ம் சிப்பில் ஓடும் லினக்ஸில் ஏற்காது. சி மொழியின் 1999 தரமான சி99 தந்த நிலையான அளவுள்ள டைப்களைப் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளைச் சேர்த்த தொகுப்பை) அப்படியே டிஸ்கில் கொட்டாமல், முடிவுசெய்த வரிசையில் பைட் பைட்டாக எழுதுங்கள்.

கோப்புப் பெயர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை, ஏனென்றால் தமிழில் பெயர் வைப்பவர்களை இது நேராகத் தொடுகிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தால், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் 6 பைட். எகரக் குறி, கால் என்று பிரித்து எழுதினால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான (கோப்புகளை டிஸ்கில் வைக்கும் முறை) எச்.எஃப்.எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமிக்கும். 2017இல் மேக்குக்கு வந்த ஏ.பி.எஃப்.எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பெயராகக் கருதும். லினக்ஸில் பொதுவாகப் பெயர் என்பது வெறும் பைட்டுகள், ஆகவே ஒரே ஃபோல்டரில் இரண்டு கோப்புகளாக உட்கார்ந்திருக்கலாம். அவற்றை அப்படியே மேக்குக்கு அனுப்பினால் ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடும்.

அதனால் என் கருவி பெயரின் பைட்டுகளைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கு மட்டும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிரதியைத் தனியாக வைக்கிறது. இரண்டு கோப்புகளின் பிரதி ஒன்றாக இருந்தால் அது எதையும் மேலெழுதாது. இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று பயனரிடம் கேட்கும்.